உன் ஸ்கூட்டரும் நீ கொண்டுவந்த விதியும்

என் கோபக்கார அண்ணாவுக்கு,

நீ போன பிறகு முடிச்சூரில் நம் குடியிருப்பு ரொம்ப அமைதியாக இருக்கிறது. நிம்மதியாக இருக்கிறோம் என்று நினைத்துவிடாதே. மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் கீழே கொட்டுகிற சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கிறது. வேறு யாராவது போய் மோட்டாரை நிறுத்துவார்கள் என்று எல்லோரும் அவரவர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம், நானும்தான். நீ இருந்தபோது மாடிப்படியில் நின்று ஒரு கத்துக் கத்துவாய். இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டாவது யாரோ ஒருவர் எழுந்து வருவார்.

நீ இறந்த அன்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் உன் படத்துக்குக் கீழே வரிசையாகப் பூக்களும் கூப்பிய கைகளும் வந்தன. அதற்கு நடுவிலேயே ஒருவர், தண்ணி லாரி இன்னிக்கு வருமா என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, உனக்கு வந்திருக்கும். அடுத்த வாரமே இரண்டாவது மாடிக்காரர் உன் எண்ணுக்கும் சேர்த்துப் பொங்கல் வாழ்த்து அனுப்பியிருந்தார்.

தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் இடம் பிடிக்க ஏறுகிறவர்கள் மாறவே இல்லை. நீதான் வாசலில் கையைக் குறுக்கே வைத்து, முதலில் இறங்கட்டும் சார் என்று நிற்பாய். யாரோ தெரியாத ஆள் மாதிரி நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண் இறங்கமுடியாமல் தவித்தாள் என்று நானே கையைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். யாருடைய டிபன் பையோ முழங்கையில் இடித்ததுதான் மிச்சம். உனக்கு மட்டும் எப்படி வழிவிட்டார்கள்?

சரி, உன் ஸ்கூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு மேல் நகராமல் நிற்கும் வண்டியைக் குடியிருப்போர் சங்கம் அப்புறப்படுத்தலாம் என்று ஒரு விதி இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது மாடிக்காரர் எடுக்காமலே போட்டிருந்த காரில் பூனை குட்டி போட்டபோது நீ சண்டை போட்டுக் கொண்டுவந்த விதிதான். அந்த விதி இப்போது உன் வண்டிக்கே வந்துவிட்டது.

அண்ணி அந்த வண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. காலையில் கோலம் போட்டுவிட்டு, அப்படியே போய் அதன் சீட்டைத் துடைக்கிறாள். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா என்று ஒருதரம் கேட்டேன். வேண்டாம், அந்தச் சத்தம் கேட்டால் அவர் கிளம்புகிற மாதிரி இருக்கும் என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. புதுச் செயலாளர் கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பையன், நல்ல மாதிரி. தலையைக் குனிந்துகொண்டேதான் விதியைப் படித்தான். யாரோ இரண்டாவது வண்டி வாங்கியிருக்கிறார்களாம், இடம் வேண்டுமாம். மற்றவர்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துச் செல்போனில் ஏதோ வேலை வந்துவிட்டது. நான் சண்டைக்கு எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவர் போட்ட ரூல். அவருக்குன்னு வந்தா மாத்தக்கூடாது. எடுத்துடுங்க," என்றாள்.

அவள் அழவில்லை அண்ணா. பேசாமல் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து சாமுவேல் எழுந்தார். ஆமாம், உன் எதிரி, தரைத்தள வீட்டு டிரைவர் சாமுவேல்தான். வெள்ளத்தின்போது குடும்பத்தோடு உன் வீட்டில் தங்கியவர். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் உனக்கு மாத்திரை வாங்கிவந்தவர். அவ்வளவு தண்ணீரில் பிரியாத நீங்கள், மாடிப்படியில் அவர் வைத்த நாலு செடித்தொட்டிக்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்தீர்கள். மனுஷ ஜென்மத்தை என்ன சொல்ல?

"அது நிக்கிற வண்டி இல்ல தம்பி," என்றார் செயலாளரிடம். "டெய்லி விடியக்காத்தால நான் தள்ளிக்கினு கேட்டாண்ட போயி, திருப்பிக் கொண்டாந்து வுடறேன். வண்டி நவுந்துகினுதான் கீது. ரூலு படி எடுக்க முடியாது."

செயலாளர், அப்போ சரி சார் என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். உன் வண்டியில் ஹேண்டில் லாக் உடைந்து வருஷக்கணக்காகிறது, சாவியில்லாமலே அதைத் தள்ளலாம் என்பது நம் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன் தங்கச்சி. கேட்டு வரிக்கும் வந்துட்டு, அப்டியே திரும்பிட்டேன். மேல வந்தா சாரு இன்னா சொல்லுவாரோன்னு ஒரு இது. நாளைக்கு வரலாம்னு நெனச்சேன். நாளைக்கு அவரு இல்ல."

அண்ணா, நீ கடைசியாகப் படுத்திருந்தபோது அவரைப் பற்றி ஒரே ஒருதரம்தான் கேட்டாய். அந்தாள் தொட்டியை எடுத்தானா இல்லையா என்று கேட்டாய். இல்லை என்றேன். எடுக்கமாட்டான், திமிர் பிடித்தவன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். உடம்பு அந்த நிலையில் இருக்கும்போது அவர் தொட்டி உன் நினைவுக்கு வந்தது என்றால், அது என்ன, விரோதமா? அவர் வந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ வாய்விட்டுச் சொல்லவில்லையே.

அதனால் நான் சொன்னேன். "அண்ணன் உங்களத்தான் கேட்டார். சாமுவேலைப் பாக்கணும், வரச் சொல்லுன்னார். நாங்க சொல்லி அனுப்பறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள். துண்டுக்குள்ளிருந்தே, "கேட்டாரா?" என்றார். "கேட்டார்," என்றேன்.

உன் பேரில் பொய் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. அது பொய்யாகப் போனதே என்றுதான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஊரில் உள்ளவன் தப்பையெல்லாம் வாய் ஓயாமல் சொன்ன உனக்கு, அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை? அவருக்கும் நாலு படி ஏற ஏன் கால் வரவில்லை?

இனி அந்தப் பேச்சை நான் ஒருநாளும் மாற்றிச் சொல்லமாட்டேன். அண்ணியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நீ எனக்குச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். என்றைக்காவது சாமுவேல் நீ இருக்கிற இடத்துக்கு வந்து, நீங்க என்னைக் கேட்டீங்களாமே சார் என்று நின்றால், முறைக்காதே. ஆமாம் என்று சொல்லிவிடு.

மேல்வீட்டிலிருந்து,
உன் தங்கை வசந்தி