பதினாறாம் பக்கத்துப் பூதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார். நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

ஆற்றுப் பாலம் நடுவில் உடைந்து விழுந்ததே, அந்த வருஷத்துச் சங்கதி இது. ரயில்காரர்கள் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்ததும் அதே வருஷம்தான். உனக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தன. உன் அம்மா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது எந்த வருஷம், நம்பரைச் சொல்லுங்கள் என்கிறார் தையல்காரர். நம்பர் தெரிந்தால் நான் ஏன் இவர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்?

இங்கே முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "அப்புறம்?" என்று கேட்டால் நான் பொய் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

உன் சித்தப்பாவை நினைவிருக்கும். சொந்தமில்லை, அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்தவன், படம் வரைகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் சித்தி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு அவர்கள் வீட்டில்தான் கிடப்பாய். நான் பைண்டிங். தாளை வெட்ட வேண்டிய அளவைச் சீட்டில் எழுதி அனுப்பினால் நான் யாரையாவது கெஞ்சிப் படிக்கச் சொல்ல வேண்டும். அவன் வேலைக்கு வந்த பிறகு அந்தக் கெஞ்சல் நின்றது. அடுக்கின் மேல்தாளில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்துவிடுவான். கோடு எங்கேயோ வெட்டு அங்கே. எனக்கு எழுத்து வராது என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமலே போனது அந்தக் கோட்டினால்தான்.

என் இடது கையில் இரண்டு விரல் கட்டிங் மெஷினில் போனது நீ பிறப்பதற்கு முன்பு. அதுவும் என் உடம்பும் மொட்டைத் தலையுமாகச் சேர்த்துப் பிள்ளைகள் உன்னைப் "பூதத்தோட பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் நீ, "அப்பா, இனிமே ஸ்கூல் கேட்டுக்கு வராத, தெருமுனைல நில்லு, நானே வந்துடறேன்" என்றாய். ஏழு வயதுப் பிள்ளை சொன்னதற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நெஞ்சில் முள் தைத்தது தைத்ததுதான். அதை நான் சொன்னது உலகத்தில் ஒருவனிடம் மட்டும்.

அந்த ஒருவன் அப்போது பிள்ளைகளுக்காக ஒரு படப்புத்தகம் போட்டுக்கொண்டிருந்தான். கதை, படம் இரண்டும் அவனுடையது. இரண்டு பாரம். ஒரு பாரம் என்றால் ஒரே பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். முதல் பாரம் எண்ணூறு தாள் அச்சாகி என் மேசைக்கு வந்தது. இரண்டாவதுக்குக் காகிதம் இல்லை, ரயில் ஓடவில்லையே.

ஒரு தாளை மடித்துப் பார்த்தேன். பூதம். மொட்டைத் தலை, இடது கையில் மூன்று விரல். பிள்ளைகள் அதைப் பார்த்து ஓடுகிறார்கள், கல் எறிகிறார்கள். பதினாறாம் பக்கத்தில் அது ஒரு குழிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. மெஷின்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அட, உன்ன மாதிரியே இருக்குப்பா! கொம்புதான் எக்ஸ்ட்ரா" என்று சிரித்தார். படம்தான் தெரிகிறதே, எழுத்து எதற்கு என்று நான் யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. கையில் இருப்பது பாதிப் புத்தகம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பைண்டர் நான். ஆனாலும் மீதி இதைவிடக் கேலியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அவன் வந்து, "படம் எப்படிப்பா? ரெண்டாவது பாரம் வரட்டும், பாப்பாவயும் கூட்டிட்டு வா" என்றான். நல்லா இருக்கு என்றேன்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். அவன் மேசையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தேன். மேல்தாளில், படங்களுக்கு நடுவே, நானே ஒரு கோடு போட்டேன். எண்ணூறு தாளையும் கத்திக்கு அடியில் வைத்து இழுத்துவிட்டேன்.

முதலாளி குதித்தார். "காகிதத்துக்கு ஊரே அலையுது, எவன்டா கோடு போட்டது?" என்றார். "எப்பவும் அவர்தானுங்க போடுவார்" என்றேன். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் பொய் இல்லை. இத்தனை வருஷம் அதைத்தான் சொல்லிச் சொல்லித் தூங்கினேன்.

அவன் வந்து கோட்டைப் பார்த்தான். அவன் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது, நூல் பிடித்த மாதிரி இருக்கும். என்னுடையது எறும்பு போன தடம் மாதிரி. பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தான். "பென்சில குடு" என்றான். கொடுத்தேன். முதலாளியிடம் திரும்பி, "கோடு என்னுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றோடு அவன் வேலை போனது. மூன்று விரலோடு, எழுத்து தெரியாத, தாயில்லாப் பிள்ளை வைத்திருக்கிறவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான் என்று யோசித்திருப்பான். நான் அதையும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

உன்னிடம், சித்தப்பாவுக்கு வெளியூரில் பெரிய வேலை கிடைத்தது, சொல்லாமலே கிளம்பிவிட்டார் என்றேன். நீ ஒரு மாதம் அவன்மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். பெரிய வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாம் வருஷம் நெஞ்சுச் சளியில் போய்விட்டான். செய்தி வந்தபோது தாள் மடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. புத்தகம் கடைசிவரை வரவில்லை.

போன வாரம் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவன் கையாலேயே வரைந்து, எழுதி, நூல் கோத்து வைத்திருந்த மாதிரிப் புத்தகம். கூடக் கடிதம் இல்லை. பதினாறாம் பக்கம்வரை நானே புரட்டினேன். அடுத்த பக்கத்தில் முன்பல் இல்லாத ஒரு பெண் குழந்தை குழிக்குள் எட்டிப் பார்க்கிறாள். நீதான். ரிப்பன்கூட உன்னுடையது. தையல்காரர் படித்தார். "உனக்கு எத்தன விரல்?" என்று கேட்கிறாள். மூன்று என்கிறது பூதம். "எனக்கு அது போதும். பிடிச்சுக்க" என்கிறாள். கடைசிப் படத்தில் பூதம் பள்ளிக்கூடக் கேட்டிலேயே நிற்கிறது, அதன் கையைப் பிடிக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அனுப்பியவர் விலாசம் உன் ஊர். உன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும் என்று தையல்காரர் போனில் பார்த்துச் சொன்னார். விலாசத்தை அடியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீ அங்கே போக வேண்டும். அவர்களுக்கும் வயதாகியிருக்கும், காது கேட்காமல் இருக்கலாம், சத்தமாகப் படி. அக்கம்பக்கம் கேட்டால் கேட்கட்டும். "அப்பா ஏதோ கோவத்துல தெரியாம செஞ்சுட்டார்" என்று பூசி மெழுகாதே. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. தெரிந்துதான் செய்தேன். நான் செய்தது ஏற்கெனவே தெரிந்துதான் புத்தகத்தை அனுப்பினார்களா, தெரியாமல் பழைய சிநேகிதத்துக்காக அனுப்பினார்களா, அது எனக்குத் தெரிய வேண்டும். மன்னிப்பு வாங்கி வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தினால் வாசலில் கடிதத்தை வைத்துவிட்டு வா.

உனக்கும் என்மேல் வெறுப்பு வரும். வரட்டும், நியாயம்தான். அதை அடுத்த மாதம் வைத்துக்கொள், முதலில் பஸ் ஏறு. நீ நூறு வயது நன்றாக இருப்பாய்.

தள்ளிப் போடாதே, தாயி. முதலாளி போய்ப் பதினெட்டு வருஷம். மெஷின்காரர் போன மழைக்காலத்தில் போனார். அவன் போனதைச் சொல்லிவிட்டேன். என்னை விடு, நான் செய்தவன். எனக்குப் பதில் சொல்ல உரிமை உள்ளவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அவன் பெண்டாட்டி, உன் சித்தி ஒருத்திதான்.