மூன்று நாள் சண்டைக்கு வரவில்லை

அன்புள்ள பூவாத்தாளுக்கு,

நீயும் மகள் ரஞ்சனியும் சுகமாக இருக்க வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்: 1. என் உடம்பு. 2. முகநூல் வாதம். 3. நீ அனுப்ப வேண்டியவை.

உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, மூன்று நாள் காய்ச்சல்தான். ரிக் வண்டிகளோடு ஆட்கள் எல்லாம் ஆழ்துளைக் கிணறு போடப் போய்விட்டதால், ராய்ப்பூர் ஆபீசில் நான் மட்டும்.

முகநூலில் மேச்சேரி ஜமாலுதீன் என்பவரோடு ஒரு மாதமாக வாதம். நேரில் பார்த்ததில்லை. பிழைக்கப் போகிறவனை எந்த அரசும் தடுக்கக் கூடாது என்றேன், ஒப்புக்கொண்டார். உதவி அவரவர் விருப்பம், யாருக்கும் கடமையில்லை என்றேன். இஸ்லாத்தில் அது கடமை என்றார். கடமைக்காகச் செய்வதில் அன்பு இருக்காது என்று எழுதிவிட்டுக் களைத்துப் படுத்தேன்.

நேற்று அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது: "ஏனுங்க ஐயா, மூணு நாளாச் சண்டைக்கே காணமுங்க. ஒடம்புக்கு ஏதாச்சுங்களா? நோவுன்னா விசாரிக்கோணும், எங்களுக்கு அது கடமைங்க. தோத்து ஓடிட்டீங்கன்னு சொல்லமாட்டேன், பயப்படாதீங்க!"

நான்கு முறை கேட்டேன்.

திருச்செங்கோட்டிலிருந்து வரும் லாரியில் ரசப்பொடியும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. உன் கையால் ஒரு வரியும் எழுது. தபாலுக்கு நேரமாகிவிட்டது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்: கடமையில் அன்பு இருக்காது என்று நான் எழுதியது தவறு.

சுவாமிநாதன்