நூலுருண்டையில் மூன்று விதை

ஜூலை 3

என் ஊமைக்கோட்டான் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடாதே. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, கோழி கிளறிய மாதிரிதான் வரும்.

நான் பெருக்குகிற செடி ஆராய்ச்சிக் கண்ணாடி வீட்டில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம். எருக்கு விதை பஞ்சைக் கட்டிக்கொண்டு பறக்கிறது. ஆல விதை காக்கை வயிற்றில் ஓசிச் சவாரி போகிறது. காசித்தும்பைக் காயைத் தொட்டால் போதும், வெடித்து விதையை மூஞ்சியில் அடிக்கும். அதைப் பார்த்தாலே உன் ஞாபகம்தான்.

போன மாதம் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை வந்ததா? அதைப் போட்டுக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குள் மட்டும் போகாதே. உடனே பதில் போடு.

உன் வாயாடி அக்கா

ஜூலை 12

தம்பி,

ஒன்பது நாளாகத் தபால்காரர் என் வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு செடி இருக்கிறது. விதைக்கு உடம்பெல்லாம் கொக்கி. துணியில், ரோமத்தில் ஒட்டினால் விடாது. மேய்ச்சல் நிலத்தில் முளைத்தால் நாலு வருஷத்தில் புல்லே இருக்காதாம். தின்ற ஆடு பிழைக்காதாம். அதனால் வெளியே வரும்போது அங்கியைக் கழற்றி உள்ளேயே மாட்டிவிட வேண்டும். நானும் ஒருநாள் தவறாமல் மாட்டினேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில், கதகதப்பாக இருக்கிறதே என்று, அந்தச் செடி பக்கத்தில் உட்கார்ந்துதான் உன் சட்டையைப் பின்னினேன். நூல் பையை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இரண்டாம் தேதிதான், மீந்த நூலுருண்டையில் மூன்று விதை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சட்டையில் எத்தனையோ. எங்கள் ஆபீசரம்மாவிடம் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் உன் நாற்பது ஆடு. உங்கள் பக்கம் மழை இறங்கிவிட்டது என்கிறார்கள்.

உன் கல்யாணத்தில் நான் பேசியதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

ஜூலை 17

அக்காவுக்கு,

பார்சலைப் பிரிக்கவில்லை. வந்த அன்றே பரண்மேல் போட்டேன். முதல் கடிதத்தையும் பிரிக்கவில்லை. இரண்டாவதை என் பெண்டாட்டி பிரித்துப் படித்துவிட்டு, என்னை உட்காரவைத்து உரக்கப் படித்தாள்.

பத்து வயது வரை பாயை நனைத்தவன் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் நீ சொன்னாய். மூன்று வருஷமாக மாமனார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாய் என்ன விலை என்று கேட்கிறார்.

நேற்றுப் பார்சலை இறக்கினேன். நீ போட்ட சணல் முடிச்சு அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. உள்ளே கம்பளி தெரிகிறது. தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். எலி எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. பரணுக்கு நேர் வெளியேதான் பட்டி. என்ன செய்ய?

தம்பி

ஜூலை 20

தம்பி,

நீ பிரிக்கவில்லை என்று படித்ததும் அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷம் அழுகையும் வந்தது. எலியும் விதை சுமக்கும்.

ஆபீசரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். இருபத்தெட்டாம் தேதி ஆட்களோடு அங்கே வருகிறார். நானும் வந்தாக வேண்டும். அந்தச் செடியின் முதல் இரண்டு இலையை என்னைப்போல் அடையாளம் தெரிந்தவர் இல்லை. ஐந்து வருஷமாகத் தரை இடுக்கில் பிடுங்கியவள் நான்.

அதுவரை ஆடுகளை வெளியே விடாதே. என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். பட்டிப் பக்கமாக வந்து, தேடிவிட்டுப் போய்விடுகிறேன்.

அக்கா

ஜூலை 24

அக்காவுக்கு,

ஆடுகளை அடைத்துவைத்துத் தீனி போடுகிறேன். பட்டிச் சுவரோரம் நேற்று இரண்டு இலை விட்டு ஒன்று முளைத்திருக்கிறது. அதுதானா என்று தெரியவில்லை. மேலே சட்டியைக் கவிழ்த்து, கல் வைத்திருக்கிறேன். நீதான் வந்து சொல்ல வேண்டும்.

பட்டிப் பக்கமாக வராதே. முன்வாசல் வழியாக வா. உனக்குப் பாய் விரித்துவைக்கிறேன். காய்ந்த பாய்தான்.

உன் தம்பி