மேக முதலாளி

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நாற்பத்து நான்கு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்கிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. வேறு எப்படியும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி என்னை இழுத்துக்கொண்டு போய் உன் கார்ட்டூன் படத்தைக் காட்டினாள். கொட்டகை முழுக்க வாண்டுகள். கடைசியில் பெயர்கள் ஓடியபோது, "பாத்திரங்களை வரைந்தவர்" என்று உன் பெயர் வந்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன். மருமகள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு ஆடும் பலூன் படகில் போகிறார்களே, அந்த ஆட்டை எனக்கு ரொம்பப் பிடித்தது. மேகங்களைப் பிடித்து டப்பாவில் அடைத்து விற்கிற முதலாளியையும் பார்த்தேன். நல்ல கற்பனை. கொடூரமான ஆள்தான். வேலையாளைத் துரத்துவதற்கு முன்னால் நாற்காலி போட்டு, தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "உட்காருங்க, தண்ணி குடிங்க, அப்புறம் பேசலாம்" என்கிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பேத்தி என் காதோரம் சொன்னாள்: "தாத்தா, இவரு உங்கள மாதிரியே தண்ணி குடுக்குறாரு!"

மருமகள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சும்மாதான் கேட்கிறேன் பாப்பா. அவனுடைய இடது கையில் ஏன் ஒரு கையுறை?

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

முதல் தடவை எழுதியது இது: படம் எடுப்பது முந்நூறு பேர் செய்கிற வேலை, அந்த முதலாளி ஒருத்தர் மட்டும் உண்டாக்கியவன் அல்ல, கதைக்காரர் ஒன்று சொல்வார், இயக்குநர் இன்னொன்று சொல்வார். எல்லாம் உண்மை. ஆனாலும் படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

நாற்காலியும் தண்ணீரும் நான் கொடுத்தவை அண்ணா. "வில்லன் கத்தக் கூடாது, அமைதியா பயமுறுத்தணும், யாருக்காவது ஏதாவது தோணுதா?" என்று இயக்குநர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். மேஜையைச் சுற்றி எல்லோரும் "அடேயப்பா!" என்றார்கள். அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

கையுறை என் யோசனை இல்லை. கையில் ஒரு குறை இருக்கட்டும் என்று வேறொருவர் சொன்னார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் பதினேழு வயதில் தகடு அழுத்தும் மெஷினில் விட்ட இரண்டு விரல்கள் என் கண் முன்னால் வந்தன. வந்தும் வரைந்தேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள். இப்படிச் "சும்மா" கேட்காதீர்கள்.

பாப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

திட்டுவதற்கு ஒன்றுமில்லை. கையுறையை விட்டுத் தள்ளு. பேத்திக்கு அந்தக் கையுறை ஒன்று வேண்டுமாம். கடையில் விற்கிறார்களாமே!

ஆனால் ஒரு இடத்தில் நீ தப்பாக வரைந்துவிட்டாய். ஆள் வெளியே போனதும் உன் முதலாளி கதவைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் ஒருநாளும் சிரித்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். அதை வரைந்திருந்தால் பிள்ளைகள் இன்னும் பயந்திருப்பார்கள்.

இத்தனை வருடத்தில் நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அந்தத் தண்ணீரை மரியாதை என்று நினைத்தார்கள். உன் அண்ணியே அப்படித்தான் கடைசிவரை நம்பினாள். விஷயம் வேறு. வாயில் தண்ணீர் இருக்கும்போது யாராலும் கத்த முடியாது. அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவேன். என் பிஸ்கட் டின் ஆலையை மூடியபோது நூற்றுப் பன்னிரண்டு பேரை அப்படித்தான் அனுப்பினேன். வேலையாட்களோடு சேர்த்து நடத்துகிறேன் என்று ஒருவர் வாங்க வந்தார். அவருக்குக் கொடுக்கவில்லை. என் மற்ற ஆலைகளுக்குப் போட்டியாக வளர்ந்துவிடுவார் என்று பூட்டுப் போட்டேன்.

உன் படத்தில் கடைசியில் டப்பாக்கள் எல்லாம் வெடித்து மழை கொட்டுகிறது, முதலாளி தனியாக நனைந்துகொண்டு நிற்கிறான். பிள்ளைகள் கைதட்டினார்கள். பேத்தியும் தட்டினாள். நானும் தட்டினேன்.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கைதட்டினீர்கள் என்ற வரியைப் படித்த பிறகு அன்று ஸ்டுடியோவில் ஒரு கோடுகூடப் போட முடியவில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும் காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் நீங்கள்தான். அந்த ஆளையும் எனக்குத் தெரியும். அவரை நான் யாருக்கும் வரைந்து காட்டவில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் யாரும் "அடேயப்பா" சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்காக வருந்துகிறேன் அண்ணா. உண்மையாகவே.

நீங்கள் மனம் திறந்து எழுதிவிட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். இருபத்து நான்கு வருடமாகக் கேட்காதது.

ஆலையில் டின்களுக்கு நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். வண்ணம் கலக்க ஒருவர் இருந்தார். எல்லோரும் கலர்காரர் என்று கூப்பிடுவோம். நான் கேட்கிற நீலத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் கலக்கிவிடுவார். ஆலை மூடிய அன்று உங்கள் அறைக்கு முதலில் போனவர் அவர்தான். மற்ற எல்லோரையும் வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி கூப்பிட்டீர்கள். அவர் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவர் என் மேஜையைத் தாண்டிப் போனார், என்னைப் பார்க்கவே இல்லை. அந்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அவரும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொல்வதாக இருந்தேன்.

என் வாழ்க்கை பாழாகவில்லை. உங்கள் மாப்பிள்ளை தங்கமான மனிதர், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

பாப்பா


மே 6

பாப்பா,

தெரியும்.

மேஸ்திரி ஒரு வாரத்துக்கு முன்பே வந்து காதில் போட்டார். தெரிந்துதான் முதல் ஆளாகக் கூப்பிட்டேன்.

உனக்குப் படம் வரையும் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, அதை இவன் கெடுத்துவிடுவான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதியையும் கேட்டுக்கொள். நகக்கண்ணில் சாயம் ஒட்டிய ஒருவன் என் வீட்டு மேஜையில் மாப்பிள்ளையாக உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. நானே ஆலை மெஷினில் விரலை விட்டவன்தான்!

"வேற ஊருக்குப் போயிடு. அவளுக்கு ஒரு வரி எழுதுனாலும் உன்னை எந்த ஆலையிலயும் சேர்க்க விடமாட்டேன்" என்றேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்: "சரிங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாமா?"

"தண்ணி குடிங்க" என்றேன்.

குடிக்கவில்லை பாப்பா. நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவன் ஒருவன்தான் டம்ளரைத் தொடாமல் எழுந்து போனான்.

அண்ணன்


ஜூலை 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் விட்டுவிட்டேன்.

கலர்காரர் இருக்கிற இடத்தை விசாரித்துப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். வண்டிக்குக்கூடச் சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தை மறுபடியும் நானே முடிக்கப் பார்க்கிறேன். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போகலாமா கூடாதா என்று நீ சொல். போகக் கூடாது என்றால் போகவில்லை.

படத்தின் இரண்டாம் பாகம் வருகிறதாம். அந்த முதலாளி திருந்துவானா என்று பேத்தி தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

அண்ணன்


ஆகஸ்ட் 3

அண்ணாவுக்கு,

போக வேண்டாம்.

அவரை நான் பார்த்துவிட்டேன், ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே. ஒரு கண்காட்சிக்குப் போன ஊரில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது, இரண்டு பெண் பிள்ளைகள். கடை வாசலில் நின்றபடியே பத்து நிமிடம் பேசினோம். "ஏன் சொல்லாமப் போயிட்டீங்க?" என்று கேட்டேன். "ஆலைய மூடிட்டாங்க. பொழப்பைப் பாக்கணும்ல" என்றார். அவ்வளவுதான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "அண்ணன் சௌக்கியமா?" என்று கேட்டார்.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற பாசத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அது எனக்கு உங்கள் மே மாதக் கடிதத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. இத்தனை வருடம் நான் அவரைக் கோழை என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரையுமே நான் சரியாக வரையவில்லை அண்ணா.

இரண்டாம் பாகத்தில் வேலை செய்யவில்லை என்று ஸ்டுடியோவில் சொல்லிவிட்டேன். முதலாளியை இனி வேறொரு பெண் வரைவாள், சின்னப் பெண், கெட்டிக்காரி. அவன் திருந்துவானா என்று எனக்கும் தெரியாது. அவளை நான் கேட்கப் போவதில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. பொய்யாக எழுதினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பதினாறாம் தேதி வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். எனக்கு உங்களோடு ஒரு மத்தியானம் முழுதாக வேண்டும். போனை அணைத்து வையுங்கள். மருமகளும் பேத்தியும் வீட்டிலேயே இருக்கட்டும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை, நீங்களும் மறைக்காதீர்கள். பேத்தி குறுக்கே வந்து என்ன கேட்டாலும் நீங்களே பதில் சொல்லுங்கள்.

வீட்டில் தங்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துத் தெருவில் லாட்ஜில் அறை போட்டிருக்கிறேன். ஒரே ஒரு நாளைக்குத்தான் போட்டேன். மறுநாள் திரும்புவதற்கு டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

தங்கை