கண்ணாடிப் பெட்டிக்குள் தோண்டிபா குருஜி

அனுப்புநர்:
ஞானு பிராஜி மோஹிதே,
மஞ்சள் மண்டி, சந்தைப்பேட்டை,
கரஞ்சவாடி.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
சாங்லி.

பொருள்: படிக்கக் கொடுத்த புத்தகங்களைப் பூஜையில் வைத்துப் பூட்டியிருப்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் வரிக் கொடுமையையும் சாதிக் கொடுமையையும் எதிர்த்து எழுதியவர் எங்கள் ஊர் தோண்டிபா குருஜி. அவருடைய அரசியல் கட்டுரைகள் மூன்று தொகுதி. இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு வக்கீல் வீட்டுப் பரணில் கிடந்தவற்றைக் கெஞ்சி வாங்கி ஊர் வாசகசாலைக்குக் கொடுத்தேன்.

2. என் மண்டியில் மஞ்சள் தரம் பிரிக்கும் பெண்கள் பதினொரு பேர். அவர்களில் யேசுபாய் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். மதியம் பாக்ரி ரொட்டி தின்று முடித்ததும், வாசகசாலையிலிருந்து எடுத்து வந்த தொகுதியை அவர் உரக்கப் படிப்பார். நானும் தராசை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இரண்டாம் தொகுதியில் பாதி வரை வந்திருந்தோம்.

3. ஆகஸ்டில் குருஜி ஜெயந்தி. வாசகசாலைச் செயலாளர் அப்பாசாஹேப் மூன்று தொகுதிகளையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மாலை போட்டுப் பூட்டிவிட்டார். தினம் ஊதுபத்தி, அட்டையெல்லாம் மஞ்சள் குங்குமம். அந்த மஞ்சளும் என் கடையில் வாங்கியதே. எதற்கென்று சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். எனக்கு மாலை வேண்டாம், கேள்வி கேளுங்கள் என்று ஆயுள் முழுக்கக் கத்தியவருக்கு இந்த மரியாதை!

4. ஐந்து முறை போய்க் கேட்டாயிற்று. "மஞ்சக் கையோட புரட்டினா புஸ்தகம் என்னத்துக்கு ஆகும், சேட்? பெரியவர் எழுத்து, கும்பிட்டுட்டுப் போங்க" என்கிறார். "நீங்க பூசினா பக்தி, எங்க கையில இருந்தா அழுக்கா அப்பாசாஹேப்?" என்று யேசுபாய் கேட்டார். அவர் சாவியை மடியில் செருகிக்கொண்டு ஊதுபத்தி ஏற்றப் போய்விட்டார்.

5. இரண்டாம் தொகுதியை மட்டும் விரித்து வைத்திருக்கிறார்கள். ஏழு மாதமாக ஒரே பக்கம். அரசாங்கத்துக்கு மனு எழுதுவது எப்படி என்ற கட்டுரை அது. யேசுபாய் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் படித்துப் படித்து மனப்பாடம் செய்துவிட்டார். அவர் சொன்னபடிதான் இதையும் எழுதுகிறேன். "அடுத்த பக்கத்துல என்ன இருக்கும் சேட்?" என்று மண்டியில் தினமும் கேட்கிறார்கள். எனக்கும் தெரியாது.

6. ஆகவே, பெட்டியைத் திறந்து புத்தகங்களைப் படிக்கத் தர உத்தரவிடுங்கள். முடியாதென்றால் நாளுக்கு ஒரு தாளாவது புரட்டி வைக்கச் சொல்லுங்கள். வெளியே நின்றே படித்துக்கொள்கிறோம்.

அதையும் தாங்கள் மறுக்கலாம். ஆனால் திறந்திருக்கும் பக்கத்தின் கடைசி வரி, 'அதிகாரி மனுவை மறுத்துவிட்டால் குடிமக்கள் செய்ய வேண்டியது' என்பதோடு நிற்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ளவாவது பெட்டியைத் திறந்தாக வேண்டும், ஐயா.

கரஞ்சவாடி,
11.3.1986

ஞானு பிராஜி மோஹிதே

உடன்: யேசுபாய் கையொப்பம், மற்றப் பத்துப் பேர் கைநாட்டு. தாளில் மஞ்சள் ஒட்டியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.