பதினான்கு பேரும் ஆம் என்றார்கள்

நைவாசா கிராமம்
அக்டோபர் 12, சனிக்கிழமை

அன்புள்ள தம்பி எபராமாவுக்கு,

நேற்றுக் காலை ஒன்பதரை மணிக்கு மாகாண அலுவலகத்திலிருந்து ஊர்த் தலைவர் இலைசாவுக்குத் தொலைபேசி வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். ஓடைப் பாலத்துக்கென்று வந்து இறங்கிய மரங்கள் 24ஆம் தேதி வியாழக்கிழமை வரைதான் நம் ஊரில் இருக்கும். அன்று பத்து மணிக்கு அதிகாரி வருவார். ஒரு தூணாவது ஊன்றியிருக்காவிட்டால் மரங்களை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார். உறுதியான செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது.

வீட்டில் எல்லோரும் நலம். உன் மனைவி உனைசிக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. உன் மகன் செமிக்கு முன்பல் இரண்டும் விழுந்து, கோயிலில் பாடும்போது காற்று மட்டும் வருகிறது. ஆகஸ்டில் பள்ளிக்குப் போகும்போது அவன் ஓடையில் விழுந்ததை உனைசி உனக்கு எழுதியிருக்கமாட்டாள். புத்தகப் பை தண்ணீரோடு போயிற்று. பையனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தது நம் ஊர் இளைஞன் கிதியோனே. ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே. நவம்பரில் மழை தொடங்கிவிடும். பாலத்துக்கு ஏன் இந்த அவசரம் என்று உனக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

மரம் அரசாங்கத்தது, உழைப்பு ஊர் இளைஞர்களுடையது என்பது ஏற்பாடு. செப்டம்பர் ஊர்க்கூட்டத்தில் இலைசா இதை அறிவித்தார். வாசலோரம் உட்கார்ந்து எங்களுக்கெல்லாம் யங்கோனா வேர்ப்பானம் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பதினான்கு பேரும் கை குவித்து மூன்று முறை தட்டி, ஆம் என்றார்கள். கூட்டக் குறிப்பு எழுதியது நான். "பதினான்கு இளைஞர்கள் ஒப்புக்கொண்டனர்" என்று எழுதி மாகாண அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

அடுத்த திங்கள் காலை ஏழு மணிக்கு இலைசா மரமுரசை அடித்தார். வேலைக்கு வந்தவர்கள் இலைசா, எழுபது வயதுப் பெனாயா, ஒரு நாய். அதற்கடுத்த திங்களும் அப்படியே; நாய் மட்டும் வரவில்லை. ஞாயிறன்று போதகர் சோம்பலைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். இலைசா பிள்ளைகளின் ரக்பி பந்தைப் பறிமுதல் செய்தார். அது இப்போது அவர் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம் திங்களும் யாரும் வரவில்லை.

எனக்கு இது விளங்கவில்லை. சோம்பேறிகள் என்று ஒதுக்கவும் முடியவில்லை. தினமும் காலை ஏழரைக்கு இதே பிள்ளைகள்தான் முறை வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும் இருபத்திரண்டு குழந்தைகளையும் தோளில் தூக்கி ஓடையைக் கடத்திவிடுகிறார்கள். அதற்கு யாரும் முரசு அடிப்பதில்லை. நான்கு நாட்கள் கரையில் நின்று எண்ணினேன். ஒரு நாளும் ஆள் குறையவில்லை. இதைச் செய்கிறவர்களுக்குப் பாலம் கட்ட மட்டும் ஏன் கை வரவில்லை என்று தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே "வர்றோம் அத்தை" என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடை வாசலில் இலைசாவும் கிதியோனேயும் இருந்தார்கள். வயதில் இருபத்தைந்து வருட வித்தியாசம் இருந்தாலும் இருவரும் மச்சான் முறை என்பது உனக்குத் தெரியும். கூட்டத்தில் ஆம் என்பதற்கு மேல் வாயைத் திறக்காத பையன் கிதியோனே அங்கே இலைசாவைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நீ சொல்ற எடத்துல பாலத்தக் கட்டுனா பிப்ரவரியில அது கடலுக்குப் போயிரும். நீயும் மேல ஏறி உக்காந்துக்க. ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் மிச்சம்."

"போன வெள்ளத்துல அங்க என் உசரத்துக்குத்தானடா தண்ணி வந்துச்சு!"

"ஓ, உன் உசரமா? அப்ப முழங்கால் அளவுதான்."

கடையே சிரித்தது. இலைசாவும் சிரித்துவிட்டு, "சரிடா, வேற எடம் எங்க இருக்கு? உங்கப்பன் தலையிலயா?" என்று கேட்டார். கிதியோனே பதில் சொல்ல வாயெடுத்தான். என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு கடையில் இருந்த ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

முப்பத்து நான்கு வருடம் செய்தியாளராக இருந்திருக்கிறேன். எல்லோரும் யாரைப் பார்க்காமல் தவிர்க்கிறார்களோ அவரிடம்தான் செய்தி இருக்கும். அந்த ஆள் நானாக இருந்தது இதுவே முதல் தடவை.

மறுநாள் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த தரைவினியிடம் போனேன். இருபது வயதுதான் என்றாலும் பிள்ளைகள் அவள் சொல்லைத்தான் கேட்கிறார்கள். கூட்டத்தில் கை தட்டி ஆம் என்றீர்களே என்று கேட்டேன்.

"தட்டுனது தலைவருக்கு அத்தை, பாலத்துக்கு இல்ல. பெரியவர் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

பிறகு ஈரக்கையோடு என்னைக் கூட்டிப்போய்க் கரையில் நிற்கும் இரண்டு மரங்களைக் காட்டினாள். மூன்று வருட வெள்ளமும் ஏறிய உயரத்தில் ஒவ்வொன்றிலும் மூன்று ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். இலைசா குறித்த இடத்தில் ஆணிகள் என் தலைக்கு மேலே. ஓடை வரும் திசையில் நூறு அடி மேலே, இரண்டு கரையிலும் பாறை இருக்கும் இடத்தில், அவை என் இடுப்புக்குக் கீழே.

"கீழ கட்டி அது போயிருச்சுன்னா 'பசங்க கட்டுனது, அப்படித்தான் இருக்கும்'பீங்க. திரும்ப நாங்கதான் புள்ளைங்கள தூக்கணும்."

மேலே கட்டலாம் என்று யாரிடமாவது சொன்னீர்களா என்றேன்.

"எப்படி அத்தை சொல்றது? அது எபராமா சித்தப்பா வீடு கட்டப்போற எடம். நம்ம ஊர்ல ஒருத்தர்கிட்ட ஒன்னு கேட்டா, இல்லேன்னு சொல்லிப் பாத்திருக்கீங்களா? கேட்டா குடுத்துருவாரு. அந்த வீட்டுக்காகத்தான ஆஸ்திரேலியா போய் ஆரஞ்சு பறிக்கிறாரு? அதான் கேக்கல. அதுவும் உங்கள முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு!"

நீ புறப்படுமுன் ஊன்றிவிட்டுப் போன நான்கு மூலைத் தூண்களும் அப்படியே நிற்கின்றன. கால்களால் அளந்தேன். பாலத்துக்கு ஏறும் பாதை பதினொரு தப்படி உள்ளே வரும். ஓடைப் பக்கத்துத் தூண்கள் இரண்டையும் பிடுங்க வேண்டியிருக்கும். மிச்ச இடத்தில் வீடு அமையுமா, சின்னதாக அமையுமா என்று எனக்குக் கணிக்கத் தெரியவில்லை. கூட்டக் குறிப்பில் நான் எழுதியது தவறு என்று மட்டும் தெரியும். திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

உனைசியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் அந்த ஓடைப் பக்கத்துத் தூண்களுக்கு நடுவேதான் துணிக்கொடி கட்டியிருந்தாள். நேற்று மாலை அதை அவிழ்த்து ஈரப்பலா மரத்தில் கட்டியிருக்கிறாள். பார்த்ததை எழுதுகிறேன், பொருள் சொல்ல எனக்கு உரிமையில்லை.

போனில் பேசியிருந்தால் வார்த்தையில் இல்லாவிட்டாலும் என் குரலே உன்னிடம் கேட்டுவிட்டிருக்கும். அதனால்தான் கடிதம். திங்களன்று விமானம் ஏறும் சகியுசா புதன்கிழமை இதை உன் கையில் தருவான். தம்பி, நான் எதுவும் கேட்கவில்லை. இதைத் திரும்பப் படித்துப் பார், கேள்விக்குறிகள் எல்லாம் மற்றவர்களுடையவை.

ஏணியில் ஏறும்போது கவனம். ஆண்டவர் உன் கைகளையும், அவை கட்டப்போகும் வீட்டையும் காக்கட்டும், அது எந்த இடத்தில் நின்றாலும்.

24ஆம் தேதி வியாழன் காலை ஏழு மணிக்கு இலைசா முரசு அடிப்பார். பத்து மணிக்கு அதிகாரி வருவார். பதினான்கு பேரும் வருவார்கள் என்று தரைவினி சொல்கிறாள். எந்த இடத்துக்கு வருவார்கள் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

உன் அன்பு அக்கா,
அகானிசி