நிலாவைத் தாண்டியும் நம் காற்று

என் ஆசை நைனாவுக்கு,

கல்குவாரியில் இருபது வருசம் நீ விழுங்கிய தூசி உன் மூச்சை அடைத்துவிட்டது. ஆக்ஸிஜன் குழாயோடு நீ படுத்திருந்தபோதுதான், ஆராய்ச்சிப் படிப்புக்கு மனுப் போட்டிருப்பதை உன்னிடம் சொன்னேன்.

"எதப் பத்தி?" என்று கேட்டாய். வளிமண்டலத்தின் கடைசி அடுக்கு என்றேன்.

"அங்க இன்னா இருக்குது?"

"காத்துதான் நைனா. ரொம்ப ரொம்பக் கொஞ்சம். ஒரு அணு இன்னொன்னு மேல மோதுறதே அபூர்வம். சிலது திரும்பி விழும், சிலது பூமிய விட்டே போயிடும்."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலானது. அம்மா ஓடிவந்து என்னைத் திட்டினாள்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள் நேர்காணல். "ஒன்றுமே இல்லாத இடத்தை எதுக்கும்மா படிக்கணும்?" என்று தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டார். பதில் தெரிந்தும் ஏதோ உளறினேன்; இடம் கிடைக்கவில்லை. நம் ஊர் செஞ்சி வரும்வரை பஸ்ஸில் அழுதேன். உனக்காகவா, எனக்காகவா?

"படிச்சது போதும், மாப்ள பாக்கலாம்" என்றார் பெரியப்பா. அம்மாதான் குறுக்கே வந்தாள். "இன்னொரு தடவ போவட்டும் மாமா. அவங்க நைனா இருந்தா அனுப்பியிருப்பாரு."

ஒரு வருசம் டியூஷன் எடுத்துக்கொண்டே படித்தேன். மறுபடி அதே அறை, அதே மனிதர், அதே கேள்வி.

"ஒன்றுமில்லாமல் இல்லை சார். அங்கே இருக்கும் ஹைட்ரஜன் நிலாவையும் தாண்டிப் பரவியிருக்கிறது. அதில் ஒரு பங்கு நம் தண்ணீரிலிருந்து போனது. எவ்வளவு தப்பிப்போகிறது என்று தெரிந்தால்தான், ஒரு கிரகத்தில் தண்ணீர் எவ்வளவு காலம் தங்கும் என்று சொல்ல முடியும்" என்றேன். இந்த முறை உளறவில்லை.

இடம் கிடைத்துவிட்டது நைனா. சேர்ந்து மூன்று மாதமாகிறது. செயற்கைக்கோள் அனுப்பும் அளவுகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை.

போன வாரம் லீவில் வந்து, உன்னோடு கல் உடைத்த நாலு பேரை எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே குவாரியில் உழைத்த ஏழுமலை சித்தப்பா மட்டும் வரவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல, போம்மா" என்றார். பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை இருமினார்.

இந்தப் படிப்பைப் பாதியில் விட மாட்டேன். சித்தப்பாவையும் விட மாட்டேன். அடுத்த லீவில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை அவர் வீட்டு வாசலிலேயே நிற்பேன்.

உன் பிடிவாதத்தோடு பிறந்த மூத்த மகள்,
தமிழரசி